ஒற்றை முயலுக்கு ஒரு துணை: டர்பன் வீடுகளில் ஜோடி சேர்ப்பது எப்படி

குழந்தை கேட்டது என்று ஒரு முயல் குட்டியை வாங்கி வந்து பின்கட்டில் கூண்டு வைத்துவிடுகிறோம். முதல் மாதம் வீடே அதைச் சுற்றி நிற்கும். அப்புறம் பள்ளிக்கூடம், டியூஷன், வேலை. காலையில் ஒரு கை தீவனம், சாயங்காலம் ஒரு கை கீரை. நடுவில் பத்து மணி நேரம் அது ஒண்டியாக உட்கார்ந்திருக்கும். கம்பியைக் கடிக்கும், தன் ரோமத்தையே பிடுங்கும், தூக்கப் போனால் உறுமிக்கொண்டு பாயும். "இதுக்குக் கோபம் ஜாஸ்தி" என்று ஒரு பெயரும் வைத்துவிடுவோம். பெரும்பாலும் அது தனிமை செய்கிற வேலை.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. முயல் என்று ஒரே சொல்லைத்தான் இரண்டு வேறு பிராணிகளுக்கும் வைத்திருக்கிறோம். நிலாவில் தெரிவதாகச் சொல்லும் முயலும், பழமொழியில் மூன்றே கால் உள்ள முயலும் நம் ஊர் வயல்வெளிப் பிராணி. அது தனியாகப் படுத்து, தனியாக ஓடிப் பிழைக்கும். கரூ வறள்நிலத்தில் ஆற்றோரப் புதர்களில் வாழும், அழிவின் விளிம்பில் இருக்கும் தென்னாப்பிரிக்க முயலும் தனித்து வாழ்வதுதான். கூண்டில் வளர்ப்பதோ ஐரோப்பிய முயலின் வழிவந்தது. டச்சுக்காரர்கள் 1650-களில் ராபன் தீவில் கொண்டுவந்து விட்டது இந்த இனத்தைத்தான். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருக்கும் இனம் இது. ஒன்று மேயும்போது இன்னொன்று காதை நிமிர்த்திக் காவல் காக்கும். கண்ணோரமும் காதின் அடியும் ஒன்றையொன்று நக்கிவிட்டுக்கொள்ளும். விடியலிலும் அந்தியிலும்தான் இதற்குச் சுறுசுறுப்பு அதிகம். நாம் எவ்வளவு கொஞ்சினாலும் விடிகாலை நாலு மணிக்கு நாம் தூங்கிக்கொண்டுதான் இருப்போம்.

சரி, இன்னொரு முயலை வாங்கிக் கூண்டில் விட்டால் போதுமா? கூடாது. இருக்கிற முயல் அதைத் தன் வளைக்குள் புகுந்த எதிரியாகத்தான் பார்க்கும். ஒரே நிமிடத்தில் காது கிழியலாம், ஆணின் விதை கடிபடலாம். துணை தேடுவதிலிருந்து இரண்டும் ஒட்டிப் படுப்பது வரை இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மனத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

எந்த மாதம்

டர்பனில் இதற்கு நல்ல காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பர் முதல் மார்ச் வரை புழுக்கம் முயலை வாட்டிவிடும். 28 டிகிரி தாண்டினாலே அது திணறத் தொடங்கும். அந்த நேரத்தில் துரத்தலும் பதற்றமும் சேர்ந்தால் வெப்பத் தாக்கில் விழும். ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை, மே கடைசியில் வலைக்கு இருபுறமும் வைத்துப் பழக்கம், ஜூன் பாதிக்கு மேல் நேருக்கு நேர் சந்திப்பு என்று கணக்கு வைத்தால் கோடை வருவதற்குள் ஜோடி நிலைத்துவிடும். தீபாவளி வாரத்திலும், கை ஃபாக்ஸ் வெடி வெடிக்கும் நவம்பர் 5 இரவிலும் எந்தப் புது முயற்சியும் வேண்டாம். வெடிச் சத்தத்தில் மிரண்ட முயல் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும்.

யாரோடு யார்

எளிதில் ஒத்துப்போவது காயடித்த ஆணும் கருப்பை நீக்கிய பெண்ணும். இரண்டு பெண்கள் சேரலாம், ஆனால் பொழுதெல்லாம் பூசல் வர வாய்ப்புண்டு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்களைச் சிறு வயதிலேயே காயடித்தால் பெரும்பாலும் சேர்ந்து வாழும். வளர்ந்த, முன்பின் அறியாத இரண்டு ஆண்களைச் சேர்ப்பது அனுபவசாலிகளுக்கே கடினம், புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கடைக்காரர் "ரெண்டும் பெண்தான்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். குட்டியில் பால் பிரித்தறிவது கடினம், தவறு அடிக்கடி நடக்கிறது. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்யும் வரை ஒன்றாக விடாதீர்கள். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள்தான். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஒரு சின்னத் தவறு மூன்று மாதத்தில் வீடு கொள்ளாத குட்டிகளாக வந்து நிற்கும்.

முயலையும் கினிப்பன்றியையும் சேர்த்து வைப்பது பழைய வழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். முயலின் பின்னங்கால் உதை ஒன்று போதும், கினிப்பன்றியின் முதுகெலும்பு முறிய. முயலின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் போர்டடெல்லா என்ற கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும். அதைவிட முக்கியம், இரண்டுக்கும் பாஷை வேறு. முயல் தலையைத் தாழ்த்தி நக்கிவிடச் சொல்லும், கினிப்பன்றிக்கு அது புரியாது. பக்கத்தில் ஓர் உயிர் இருந்தும் இரண்டும் தனியாகத்தான் இருக்கும்.

துணையை எங்கே தேடுவது? முதலில் பிராணிவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வில் கேளுங்கள். கைவிடப்பட்ட முயல்கள் அங்கே வந்து சேர்வதுண்டு. வளர்ந்த முயல் என்பதால் ஆணா பெண்ணா, சாதுவா முரடா என்பது முன்பே தெரியும். குட்டியை வாங்கினால் அது ஐந்து மாதத்தில் எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஆணுக்கு விதை இறங்கியதும், ஏறத்தாழ 3 முதல் 4 மாதத்தில் காயடிக்கலாம். பெண்ணுக்கு 5, 6 மாதத்தில். பெண்ணுக்கு இது ஜோடிக்காக மட்டும் செய்வதல்ல. கருப்பை நீக்காத பெண் முயல்களில் மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது.

நாய், பூனைக்கு நன்றாக அறுவை செய்யும் எல்லோரும் முயலுக்குச் செய்துவிட முடியாது. தொலைபேசியிலேயே கேளுங்கள்: "முயலுக்கு அடிக்கடி செய்கிறீர்களா? முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா?" பட்டினி போடச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினிக்கு அவசியமே இல்லை. குடல் ஓடாமல் நின்றால்தான் ஆபத்து. வீட்டுக்கு வலி மருந்து கொடுத்து அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். வலியில் இருக்கும் முயல் சாப்பிடாது, சாப்பிடாத முயல் இரண்டு நாள் தாங்காது.

அறுவை முடிந்த ஆண் மறுநாளே மலடாகிவிடாது. ஏற்கெனவே உள்ள விந்து தீர 4 முதல் 6 வாரம் ஆகும். கருப்பை நீக்காத பெண் பக்கத்தில் இருந்தால் முழு 6 வாரமும் பிரித்தே வையுங்கள். பெண்ணுக்கும் தையல் ஆறி, ஹார்மோன் அடங்க அதே அளவு காலம் கொடுங்கள். இந்த வாரங்களை அவசரத்தில் விழுங்குகிறவர்கள்தான் "என் முயல் யாரோடும் சேராது" என்று பிறகு சொல்கிறார்கள்.

புது முயலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் 14 நாள் வேறு அறையில் தனியே வையுங்கள். மூக்கு ஒழுகுகிறதா, முன்காலின் உட்புறம் ஈரமாக ஒட்டியிருக்கிறதா, கழுத்தில் பொடுகு போல உதிர்கிறதா, புழுக்கை உருண்டையாக விழுகிறதா என்று தினமும் பாருங்கள். பழைய முயலுக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். 2022 கடைசியில் தென்னாப்பிரிக்காவுக்குள் ஆர்.எச்.டி.வி.2 என்ற முயல் ரத்தப்போக்கு நோய் வந்துவிட்டது. ஈ, செருப்பு, காட்டு முயல் நடமாடிய இடத்துப் புல் எனப் பல வழியில் பரவும். அறிகுறி தெரிவதற்குள் முயல் செத்துக் கிடக்கும். தடுப்பூசி கிடைக்கிறதா என்று அதே மருத்துவரிடம் கேட்டு, இரண்டுக்கும் போட்ட பிறகு சேருங்கள்.

இரண்டுக்கும் போதுமான வீடு

கடையில் விற்கும் மேல்மாடி வைத்த மரக்கூண்டு இரவில் படுக்கக்கூடப் போதாது. ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், இரவு பகல் எந்நேரமும் திறந்த ஒரே இடமாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், போதிய இடமும் காற்றும் வெளிச்சமும் வெயில் மழைக்கு மறைவும் இல்லாத இடத்தில் பிராணியை அடைத்து வைப்பதையே குற்றம் என்கிறது. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி நெருக்கமான வீடுகளில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டுக்குள் ஒரு மூலையை நாய்க்குட்டிகளுக்கான மடக்கு வேலியால் (உயரம் 90 செ.மீ. குறையாமல்) அடைப்பது. இன்னொன்று, பின்புறத்து வெண்டி ஹவுஸை (மரப்பலகைக் கொட்டகையை) மாற்றியமைப்பது. வெண்டி ஹவுஸ் என்றால் தகரக் கூரைக்குக் கீழே பாலிஸ்டிரீன் பலகை அடித்து, எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்து, கம்பி வலை போடுங்கள். கோழி வலை போதாது. கீரி பிரித்துவிடும், எலி நுழையும். 13 மி.மீ. கண் உள்ள பற்றவைத்த வலை வாங்குங்கள், பெரிய பாம்பும் அதில் புகாது. குரங்குகள் வலைக்கு வெளியிலிருந்து கீரையை இழுக்கும், அதில் முயல்கள் மிரளும். அதனால் தீவனத்தை வலையோரம் வைக்காதீர்கள்.

தரைக்குக் கம்பி வேண்டாம். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போல மெத்தைத் தோல் கிடையாது, கம்பியில் நின்று குதிகால் புண்ணாகும். கழுவி உலர்த்தக்கூடிய ரப்பர் விரிப்போ பழைய கம்பளமோ போதும்.

மேகம் மாதிரி நகர்ந்துபோகும் நிழலை நம்பாதீர்கள். பகல் 2 மணிக்கு அந்த இடத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். மின்வெட்டு வந்தால் மின்விசிறி நின்றுபோகும். எனவே 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, துணி சுற்றி, ஒன்றல்ல இரண்டு பாட்டில்களாக வையுங்கள். ஒன்றே இருந்தால் அதற்கும் சண்டை.

எல்லாமே இரண்டு என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, தீவனத்தட்டு இரண்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டி இரண்டு. மலத்தட்டு மட்டும் மூன்று. ஒளிந்துகொள்ளும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் கட்டாயம். ஒரே வாசல் என்றால் துரத்தப்பட்டது உள்ளே மாட்டிக்கொள்ளும், துரத்தியது வாசலில் நிற்கும். பெரிய சண்டைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

தீவனம் பற்றிச் சுருக்கமாக: நாளின் பெரும்பங்கு காய்ந்த புல். டெஃப், எராக்ரோஸ்டிஸ், ஓட்ஸ் புல் எதுவும் கால்நடைத் தீவனக் கடையில் கட்டாகக் கிடைக்கும். லூசர்ன் (குதிரைமசால்) வளரும் குட்டிக்கு மட்டும், பெரிய முயலுக்கு அதன் கால்சியம் அதிகம். வைக்கோலில் சத்தில்லை. டர்பன் ஈரக்காற்றில் புல் பூசணம் பிடிக்கும், பிளாஸ்டிக்கில் மூடாமல் தரையைத் தொடாமல் சாக்கில் வையுங்கள். பெல்லட் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் போதும். கொத்தமல்லித் தண்டு, புதினா, கேரட் தழை கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு கூடாது. அவகாடோ மரத்தின் கீழே கூண்டு வைக்காதீர்கள், இலையும் விஷம். சிரிங்கா மரத்தை வேம்பு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு, அதன் காயும் விஷம்.

வலைக்கு இருபுறமும்

14 நாள் தனி வைப்பு முடிந்ததும், இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வேலிக்குள் வையுங்கள். ஒரே வலை நடுவில் இருந்தால் மூக்கையும் கால்விரலையும் அதன் வழியே கடித்துவிடும். இரண்டு வலை, நடுவே நாலு விரல் இடைவெளி.

முதல் நாள் இரண்டும் வலையோடு ஓடும், பின்காலால் தரையை அறையும். விட்டுவிடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து மலத்தட்டுகளை மாற்றி வையுங்கள், அதனுடையது இதற்கு, இதனுடையது அதற்கு. படுக்கைத் துணியும் அப்படியே. மாற்றியதும் சிறுநீரைத் தெளித்து அடையாளம் வைத்தால் இன்னும் நாள் ஆகவில்லை என்று பொருள். பிறகு தீவனத்தட்டுகளை நாளுக்கு ஒரு சாண் வீதம் வலையை நோக்கி நகர்த்துங்கள்.

இது எத்தனை நாள்? இரண்டு வாரம் குறைந்தபட்சம், சிலவற்றுக்கு ஆறு வாரம். நாட்காட்டியைப் பார்க்காமல் முயலைப் பாருங்கள். ஒன்று வலையோரம் கால் நீட்டிப் படுக்கிறது, மற்றது அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்துப் படுக்கிறது, யாரும் யாரையும் முறைக்கவில்லை. இந்தக் காட்சி தொடர்ந்து நாலு நாள் தெரிந்தால் அடுத்த படி.

முதல் சந்திப்பு

இருவரில் யாரும் கால் வைக்காத இடமாக இருக்க வேண்டும். குளியலறை, தாழ்வாரம், அண்டை வீட்டு அறை எதுவானாலும் சரி. ஓட்டுத் தரை வழுக்கும், வழுக்கும் முயல் பயத்தில் பாயும். ஆகவே தரை முழுக்கப் பழைய கம்பளி விரியுங்கள். நடுவில் ஒரு பெரிய புல் குவியல், சுற்றிலும் கொத்தமல்லித் தண்டுகளைத் தூவுங்கள். மூலைகள் முடிந்தவரை குறையட்டும். இரண்டு வாசல் வெட்டிய அட்டைப் பெட்டிகள் இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. அடுப்புக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒரு தட்டையான குப்பை அள்ளும் முறம் கையருகே இருக்கட்டும். வெறும் கையை நடுவே விட்டால் உங்களுக்கும் தையல்தான். இரண்டின் நகங்களையும் முந்தின நாளே வெட்டிவிடுங்கள். குழந்தைகளும் நாயும் கதவுக்கு வெளியே.

இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிர் மூலையில், முகம் நேருக்கு நேர் வராமல் இறக்குங்கள். உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் எதுவும் நடக்காது. ஒன்று புல் மெல்வது போலப் பாவனை செய்யும், காது மட்டும் மற்றதன் பக்கம் திரும்பியிருக்கும். பிறகு ஒன்று வயிறு தரையில் படும்படி நீண்டு, பின்கால்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மூக்கை மட்டும் முன்னே நீட்டி மற்றதன் வால் பக்கம் முகரும். முகர்ந்ததும் பின்வாங்கும். இதைப் பத்து முறை செய்யும். பிறகு தலையைத் தரையோடு ஒட்டி வைத்து, நெற்றியை மற்றதன் வாய்க்குக் கீழே தள்ளும். "நக்கிவிடு" என்பது அதற்குப் பொருள். மற்றது நக்கினால் பாதி வேலை முடிந்தது. அதுவும் தலையைத் தாழ்த்தி வைத்தால் யார் பெரியவர் என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு தலைகளும் தரையில், இரண்டும் காத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பொறுமையிழந்து ஒன்று சின்னக் கடி கடிக்கும். அது பரவாயில்லை. உங்கள் கையால் இரண்டு நெற்றியையும் ஒரே சமயத்தில் மெதுவாகத் தடவிக்கொடுங்கள், அந்த இறுக்கம் பல நேரம் தளரும்.

துரத்தலும் ஏறுதலும் வரும். பெண்ணும் ஆண் மேல் ஏறும், இது இனச்சேர்க்கைக்காக அல்ல, முதன்மைக்காக. கீழே இருப்பது அசையாமல் இருந்தால் பத்துப் பதினைந்து விநாடி விடுங்கள். தலைப்பக்கம் ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள், கீழே இருப்பதன் வாய்க்கு நேராக மேலே இருப்பதன் பிறப்புறுப்பு வரும். பிய்த்த ரோமம் கம்பளியில் கிடந்தால் பதற வேண்டாம். ரத்தம் வந்தால் நிறுத்துங்கள்.

நிறுத்த வேண்டிய அடையாளம் இன்னொன்று உண்டு, கண் சிமிட்டும் நேரத்தில் வரும். காது பின்னால் ஒட்டும், வால் நிமிரும், இரண்டும் தலைக்கு வால் வைத்து வட்டமடிக்கத் தொடங்கும். சுற்று வேகமெடுத்தால் அடுத்தது உருண்டு புரளும் சண்டைதான். வட்டம் தொடங்கியவுடனேயே முறத்தை நடுவே இறக்குங்கள், கையுறைக் கையால் ஒன்றின் தலையை மெதுவாகத் தரையில் அழுத்தித் திசை திருப்புங்கள். தண்ணீர் பீய்ச்சுவதும் கத்துவதும் பயத்தைக் கூட்டும், இணக்கத்தைக் கூட்டாது. சிலர் இரண்டையும் பெட்டியில் போட்டுக் காரில் சுற்றி, மிரட்சியில் ஒட்டிக்கொள்ள வைக்கிறார்கள். அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அப்போது ஒட்டிக்கொள்வது பயம், கார் நின்றதும் அது கலைந்துவிடும்.

சண்டை நடந்துவிட்டால் ரோமத்தை விலக்கிக் காது, இமை, தாடை, பிறப்புறுப்பு எல்லாம் தேடுங்கள். முயல் தோல் காகிதம் மாதிரி மெலிது. சின்னப் பல் துளைகூடச் சில நாளில் சீழ்க்கட்டியாகும். அந்தச் சீழ் கெட்டித் தயிர் போல இறுகிவிடும், தானாக வடியாது, அதையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு வலைக்கு இருபுறமும் வைத்த படிக்கே திரும்பி இரண்டு வாரம் காத்திருங்கள்.

ஒரு சந்திப்பு 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. அமைதியாக இருக்கும்போது முடியுங்கள். சண்டையின் நடுவே பிரித்து முடித்தால் அதன் நினைவில் சண்டைதான் கடைசியாக நிற்கும். நாலைந்து நாளில் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு பாதி நாள்.

ஒரே வீட்டுக்குள்

ஒரே குவியலில் சேர்ந்து தின்கின்றன, விலாவோடு விலா ஒட்டிப் படுக்கின்றன, ஒன்றையொன்று நக்கிவிடுகின்றன. இந்த மூன்றும் மூன்று நாள் தொடர்ந்து நடந்த பிறகே நிரந்தர வீடு. அதற்கு முன் அந்த வீட்டைத் தண்ணீரும் வினிகரும் சமபாகம் கலந்து துடைத்து, பெட்டி, தட்டு எல்லாவற்றின் இடத்தையும் மாற்றுங்கள். பழைய முயலுக்கு அது "என் வீடு" என்று தோன்றக் கூடாது. முதல் 24 மணி நேரம் வீட்டில் ஒருவர் இருக்கும்படி வெள்ளிக்கிழமை மாலை தொடங்குவது வசதி.

சேர்ந்த பிறகு பிரிக்காதீர்கள். ஒன்றுக்கு மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் போய் மருந்து வாசனையோடு திரும்பினால் மற்றது அதை அந்நியனாக எண்ணி அடிக்கும். மாதக்கணக்கில் கட்டியது ஒரு மதியத்தில் சரியும்.

ஜோடி என்பதால் ஒரு புதுக் கவனமும் வேண்டும். யார் சாப்பிடுகிறது, யார் சாப்பிடவில்லை என்பது குவியலில் தெரியாது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் தனித்தனியே எடை போட்டுக் குறித்து வையுங்கள். கோடையில் தினமும் இருவரின் பின்புறத்தையும் பாருங்கள், ஈரமான ரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு தோலைத் துளைக்கும். 12 மணி நேரம் ஒன்று தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கினிப்பன்றிக்கு

முயலைவிட இது எளிது, பேச்சுத்துணையும் இதற்குக் கூடுதலாக வேண்டும். நாள் முழுக்கச் சின்னச் சின்னச் சத்தங்களில் பேசிக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விதிகள் கூட்டமாக வாழும் பிராணிகளைத் தனியே வளர்ப்பதைத் தடுக்கின்றன, கினிப்பன்றியும் அதில் அடங்கும்.

காயடித்த ஆண் ஒன்று, பெண் ஒன்றோ இரண்டோ என்பது நல்ல குடும்பம். இங்கும் காயடித்த பின் 6 வாரம் பொறுங்கள். இரண்டு ஆண்கள் வாழலாம், பெண் வாசனையே எட்டாத இடமாகவும் விசாலமாகவும் இருந்தால். இரண்டுக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம்; ஆண்கள் என்றால் அதைவிடப் பெரிது.

கடையிலிருந்து வரும் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கக்கூடும். குட்டிகள் கண் திறந்து, ரோமத்தோடு, ஓடத் தயாராகப் பிறக்கும். ஆண் குட்டிகளை 3 வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்காவிட்டால் தாயும் தமக்கையும் சினையாகும். ஒருமுறையும் ஈனாத பெண்ணுக்கு 6, 7 மாதத்துக்கு மேல் இடுப்பெலும்பு இறுகிவிடும், அதன் பிறகு சினையானால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. "ஒரு தடவை குட்டி போடட்டுமே" என்று நினைக்க வேண்டாம்.

சேர்ப்பது பொது இடத்தில், புல் குவியலோடு, ஒரே அமர்வில் சில மணி நேரம். மோட்டார் சைக்கிள் மாதிரி உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடப்பது சாதாரணம். பல் நறநறத்தால் எச்சரிக்கை. வாயைப் பிளந்து கொட்டாவி போலக் காட்டுவது பல்லைக் காட்டுவதுதான். இரண்டும் பந்தாகக் கட்டிக்கொண்டு உருண்டால் மேலே துண்டைப் போட்டுப் பிரியுங்கள்.

மனிதனைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி தயாரிக்காது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் போதும். கொய்யா காய்க்கும் பருவத்தில் கட்டைவிரல் அளவு கொய்யாத் துண்டு வாரம் இரண்டு முறை தரலாம், சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். ஒன்று எல்லாவற்றையும் பிடுங்கித் தின்கிறதா என்று பார்த்து, இரண்டு மூலையில் வையுங்கள்.

துணை வேண்டாத பிராணிகளும் உண்டு

சிரியன் ஹாம்ஸ்டர் தனியாக வாழும் இனம். குட்டியில் ஒன்றாகத் தூங்கும், வளர்ந்ததும் ஒன்று மற்றதைக் கொல்லும். பாவம் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள்.

லவ்பேர்ட், பட்ஜி, காக்கட்டீல் மூன்றும் கூட்டப் பறவைகள். கண்ணாடி துணையாகாது, தன் பிம்பத்துக்கே இரை கக்கி ஊட்டிக் களைத்துப்போகும். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலும் கூட்டமாகப் பறக்கும் ரோஜாமுக லவ்பேர்டுக்கு இன்னொரு லவ்பேர்ட்தான் துணை. பட்ஜியோடு போட்டால் பட்ஜியின் கால்விரலைக் கடித்து எடுத்துவிடும். புதுப் பறவைக்கு 30 நாள் தனி அறையும், அலகு-இறகு நோய்க்கும் கிளிக்காய்ச்சலுக்கும் பரிசோதனையும் வேண்டும்.

ஒன்று இறந்துவிட்டால்

உடனே உடலை எடுத்து மறைக்காதீர்கள். தொற்றுநோய்ச் சந்தேகம் இல்லையென்றால் இரண்டு மூன்று மணி நேரம் மற்றதன் அருகே இருக்கட்டும். அது முகரும், தள்ளிப் பார்க்கும், சில முயல்கள் மேலே படுத்துக்கொள்ளும். பிறகு தானே விலகிப் போகும். உடலைப் பார்க்காதது கூண்டெல்லாம் தேடிக்கொண்டிருப்பதுண்டு.

காரணம் தெரியாத திடீர்ச் சாவு என்றால் உடலைத் துணியில் சுற்றி, உறையவைக்காமல், ஃப்ரிட்ஜில் குளிரவைத்து மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சியதன் உயிர் அந்த விடையில் இருக்கலாம். அடுத்த ஒரு வாரம் அதன் புழுக்கையைத் தினமும் எண்ணுங்கள், தீவனத்தை எடை போடுங்கள், அந்தி நேரத்தில் பக்கத்துத் தரையில் உட்காருங்கள். நோயில்லை என்று உறுதியான பின், அதன் வயதுக்கு ஒத்த ஒன்றை எஸ்.பி.சி.ஏ.வில் பார்த்துவிட்டு வாருங்கள். 14 நாள் தனி அறை, அப்புறம் நாலு விரல் இடைவெளி விட்ட அதே இரண்டு வலை.